மீனாட்சிக்கு எத்தனை ஸ்பெல்லிங்? ஆவணங்களில் பெயர் திருத்தும் முறை

மதுரையில் மீனாட்சி என்று பெயர் உள்ளவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் 'கே எஸ் ஹெச்' போடுவார்கள் சிலர், 'டி சி ஹெச்' போடுவார்கள் சிலர். அம்மாவுக்கு ஆதாரில் முதல் வகை, அப்பாவின் பென்ஷன் தாளில் இரண்டாவது வகை. அப்பா தவறிய பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதிக் கொடுத்தபோதுதான் தெரிந்தது. "இது இவங்கதான்னு எப்படி நம்புறது?" என்றார் கவுன்டரில் இருந்தவர், அம்மாவைப் பார்த்துக்கொண்டே.

நான்கு மாதம் அலைந்து கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் எங்கேயும் போகாதீர்கள். வீட்டில் உள்ள அட்டைகளைத் தரையில் பரப்புங்கள்: ஆதார், ரேஷன், வாக்காளர், பான், பேங்க் பாஸ்புக், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். ஒவ்வொன்றிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி எப்படி இருக்கிறது என்று எழுத்து எழுத்தாக ஒரு நோட்டில் குறியுங்கள்.

அடுத்து, எந்த எழுத்து நிற்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். படித்தவர்களுக்கு மார்க் ஷீட்தான். அதை மாற்றுவது பெரும்பாடு, மற்றதை அதற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். அம்மா பள்ளிக்கூடம் தாண்டாதவர் என்பதால் பென்ஷன் தாளில் உள்ளதையே வைத்துக்கொண்டோம்.

இனிஷியல்தான் பெரிய வம்பு. கல்யாணத்துக்கு முன் தாத்தாவின் எழுத்து, பின் அப்பாவின் எழுத்து. பானிலோ கடைசிப் பெயரை வெறும் எழுத்தாக ஏற்க மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். கல்யாணமான பெண்ணாக இருந்தாலும் அதில் கேட்பது தகப்பனார் பெயரைத்தான், கணவர் பெயரை அல்ல. நம் ஊர்ப் பெயர்முறை தெரியாத யாரோ வடிவமைத்த படிவம் என்று நினைக்கிறேன்.

இனி வட்டத்தை உடைக்க வேண்டும். ஓர் அலுவலகத்தில் திருத்திய ரேஷன் அட்டை கேட்டார்கள். ரேஷன் பக்கம் போனால் திருத்திய ஆதார் கேட்டார்கள். சித்திரை வெயிலில் மூன்று நடை. சரியான எழுத்து உள்ள, போட்டோ ஒட்டிய ஓர் அட்டை எங்காவது இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். எங்களுக்கு அது வாக்காளர் அட்டை. அதுவே தப்பாக இருந்தால் படிவம் 8 கொடுத்துத் திருத்தலாம். முழுப் பெயரையே மாற்றுவதென்றால் அரசிதழில் வெளியிட வேண்டும், அது தனிக் கதை.

அந்த அட்டையோடு ஆதார் மையத்துக்குப் போங்கள். கட்டணம் 75 ரூபாய். பெயரோடு பிறந்த தேதியையும் திருத்த வேண்டியிருந்தால் ஒரே தடவையில் கொடுங்கள், இன்னொரு 75 மிச்சம். ஆனால் ஆயுளுக்குப் பெயரை இரண்டு தடவையும் பிறந்த தேதியை ஒரு தடவையும்தான் மாற்றலாம். அதனால் திரையில் படித்துப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள். ஆங்கிலத்தில் தட்டியதும் தமிழ் தானாக வரும். எங்களுக்கு 'மீனட்சி' என்று வந்தது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சந்தேகம் என்றால் 1947க்குப் போன் செய்யலாம்.

ஆதார் வந்த பிறகு பான், பேங்க், ரேஷன். ரேஷனுக்கு வட்ட வழங்கல் அலுவலகம். மாதம் தோறும் இரண்டாவது சனிக்கிழமை வட்டங்களில் நடக்கும் குறைதீர் முகாமில் கொடுத்தால் வேலை கொஞ்சம் சீக்கிரம் நகரும்.

"நாளைக்கு வாங்க" என்று இழுத்தால் வாயால் சண்டை போட வேண்டாம். எழுத்தில் கேளுங்கள். திங்கட்கிழமை காலை அண்ணா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். தேர்தல் அறிவித்துவிட்டால் அந்தக் கூட்டம் நடக்காது, பார்த்துப் போங்கள். முதல்வர் உதவி மைய எண் 1100.

கடைசியாக, புது அட்டை வந்த அன்றே பழைய ஜெராக்ஸ் எல்லாவற்றையும் கிழித்துவிடுங்கள். எல்லாம் முடிந்து பென்ஷன் மனுவை மறுபடி கொடுத்தபோது, அவசரத்தில் பழைய ஆதார் நகலைச் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். அதே கவுன்டர், அதே ஆள், அதே கேள்வி.