சிஸ்டமேட்டிக் ரிவ்யூ: ரெஃபரன்ஸ் கோப்பில் நடக்கும் தவறுகள்

சிஸ்டமேட்டிக் ரிவ்யூ, அதாவது ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளையெல்லாம் முறைப்படி தேடித் தொகுத்து மதிப்பிடும் வேலை, செய்பவர்கள் தேடலுக்கும் புள்ளியியலுக்கும் காட்டுகிற அக்கறையை ரெஃபரன்ஸ் கோப்புக்கு, அதாவது தேடலில் கிடைத்த கட்டுரை விவரங்களின் தொகுப்புக்கு, காட்டுவதில்லை. முடிவையே மாற்றிவிடக்கூடிய பிழைகள் அங்கேயும் நுழைகின்றன.

முதலில் எளிதாகத் தவிர்க்கக்கூடியது. பப்மெட், எம்பேஸ், ஸ்கோபஸ் என்று எல்லாக் கட்டுரைத் தேடல் தளங்களிலிருந்தும் இறக்கியதை ஒரே ஃபோல்டரில் கொட்டி, உடனே டூப்ளிகேட்டை நீக்கிவிடுகிறார்கள். அப்புறம் பிரிஸ்மா 2020 படம் (ரிவ்யூவில் கட்டுரைகள் படிப்படியாக எப்படிக் குறைந்தன என்று காட்டும் படம்) வரையும்போதுதான் திண்டாட்டம். எங்கிருந்து எத்தனை கிடைத்தன, திரையிடலுக்கு (தலைப்பையும் சுருக்கத்தையும் பார்த்து வடிகட்டுவதற்கு) முன் எத்தனை நீக்கப்பட்டன என்ற கணக்கு அதில் வேண்டும். இறக்கிய கோப்புகளுக்குத் தளத்தின் பெயரையும் தேடிய தேதியையும் பெயராக வைத்து, கைபடாமல் தனியே போட்டுவிடுங்கள். வேலையெல்லாம் நகலில் நடக்கட்டும்.

டூப்ளிகேட் நீக்கும் பொத்தானை அப்படியே நம்புவது அடுத்த தவறு. ஒரே கட்டுரை ஒரு தளத்தில் இதழின் சுருக்கப் பெயரோடும் 1234-9 என்ற பக்க எண்ணோடும் வரும். இன்னொன்றில் முழுப் பெயரோடு 1234-1239 என்று வரும். இனிஷியல் வைக்கும் நம் பெயர்கள் இன்னும் சிக்கல். எஸ். முருகன் ஓரிடத்தில் 'முருகன் எஸ்' என்றிருப்பார், இன்னோரிடத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி 'செல்வம் எம்' ஆகியிருப்பார். முதலில் டிஓஐ (கட்டுரைக்குரிய நிரந்தர அடையாள எண்), பிறகு தலைப்பும் ஆண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, மிச்சத்தைக் கண்ணால் பாருங்கள். எதிர்ப்பக்கத்திலும் ஆபத்து உண்டு: மாநாட்டுச் சுருக்கமும் பிறகு வந்த முழுக் கட்டுரையும் ஒரே தலைப்பில் இருந்தால் மென்பொருள் ஒன்றாக்கிவிடும். மிஞ்சுவது வெறும் சுருக்கமாகவும் இருக்கலாம்.

ஆனால் இவற்றையெல்லாம்விடக் கேடானது, ஒரு கட்டுரை என்றால் ஓர் ஆய்வு என்று எண்ணிக்கொள்வது. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் மருந்தைப் பற்றி 1997இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த அலசலைப் பாருங்கள். 9 ஆய்வுகளின் தரவு மேலும் 14 கட்டுரைகளில் திரும்ப வந்திருந்தது. மூலக் கட்டுரையைச் சுட்டும் தெளிவான குறுக்குக் குறிப்பு ஒன்றில்கூட இல்லை. நோயாளிகளின் தரவில் 28 சதவீதம் இரட்டிப்பு. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் மருந்தின் பலன் 23 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. தலைப்பும் டிஓஐயும் வேறாக இருக்கும்போது எந்தப் பொத்தானும் இதைப் பிடிக்காது. ஆய்வுப் பதிவு எண், மருத்துவமனை, ஆள் சேர்த்த காலம், ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் என்று ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே ஆய்வின் கட்டுரைகளை ஒரே அடையாள எண்ணின்கீழ் சேர்த்துவையுங்கள். அழிக்க வேண்டாம்: முதல் கட்டுரையில் இல்லாத பக்கவிளைவு விவரம் இரண்டாவதில் இருக்கக்கூடும்.

முழுக் கட்டுரையைப் படித்து விலக்கும்போதே காரணத்தையும் குறித்துவிடுங்கள். 'பொருந்தவில்லை' என்பது காரணம் ஆகாது. 'கட்டுப்பாட்டுக் குழு இல்லை' என்பது காரணம்.

கடைசியாக, ஒருமுறை சேர்த்ததைத் திரும்பிப் பார்க்காமல் விடுவது. கோவிட் காலத்தில் ஐவர்மெக்டின் மருந்து பற்றி 2020 நவம்பரில் ரிசர்ச் ஸ்கொயர் தளத்தில் வெளியான முன்பதிப்பு (இதழின் மதிப்பீட்டுக்கு முன்பே வெளியிடப்படும் கட்டுரை) ஒன்று 2021 ஜூலையில் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்குள் சில மெட்டா அனாலிசிஸ்களில் (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் அலசல்களில்) அது ஏறியிருந்தது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளை ரெஃபரன்ஸ் மென்பொருளான ஸோட்டேரோ தானாகவே சிவப்பில் காட்டும், ஆனால் முன்பதிப்புகளுக்கு அதை மட்டும் நம்ப முடியாது. ரிவ்யூவை இதழுக்கு அனுப்புவதற்கு முந்தைய வாரம், சேர்த்த ஆய்வு ஒவ்வொன்றின் பக்கத்தையும் திறந்து பாருங்கள்.