சிங்கப்பூரில் பிஆர் வாங்கும் முன்: மகனின் தேசிய சேவை

சிங்கப்பூரில் நிரந்தரவாசத்துக்கு (பிஆர்) விண்ணப்பிக்கிறீர்களா? மகனையும் சேர்த்தால், பதினாறரை வயதில் அவன் தேசிய சேவைக்கு, அதாவது ராணுவம், காவல்துறை அல்லது குடிமைத் தற்காப்புப் படையில் செய்ய வேண்டிய கட்டாயச் சேவைக்குப் பதிய வேண்டும்; பொதுவாக 18 வயதில் 2 ஆண்டு முழுநேரச் சேவை. முதன்மை விண்ணப்பதாரரான உங்களுக்கு இந்தச் சேவையிலிருந்து கிடைக்கும் விலக்கு அவனுக்குக் கிடையாது.

பலரும் கவனிக்காத விதி இன்னொன்று. 13 வயதிலிருந்தே, 3 மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க எக்ஸிட் பெர்மிட் (அரசின் முன் அனுமதி) வேண்டும். பிளஸ் டூ படிக்க ஊருக்கு அனுப்பினாலும் இதே விதிதான். மீறினால் 10,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

‘அப்புறம் பிஆரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்’ என்று நினைக்காதீர்கள். சேவை செய்யாமல் விட்டால், பின்னாளில் அவன் அங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது பாதிக்கும். கையெழுத்துப் போடும் முன் அவனிடமும் பேசுங்கள். சீருடை போடப்போவது அவன்தானே.