பட்டை மறைந்ததும் ‘உட்கவர்ந்தது’ என்று எழுதிவிடாதீர்கள்

டிடெக்டரில் பிடிக்கப்படாத ஃபோட்டானை (ஒளித்துகளை) கொண்டு அகச்சிவப்பில் அளக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் மறுபடி மறுபடி ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். அழுக்கு லென்ஸ், சூடேறாத லேசர் போன்றவை தாமாகவே திருந்திவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாதை நீளத்தை மறப்பது

532 நானோமீட்டர் பம்ப் ஒளி, படிகத்துக்குள் 607 நானோமீட்டர் சிக்னலாகவும் 4.3 மைக்ரோமீட்டர் ஐட்லராகவும் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதிரிக்குள் போவது ஐட்லர். அதை நாம் அளப்பதே இல்லை. மூன்றும் கண்ணாடிகளில் திரும்பி மீண்டும் அதே படிகத்தைக் கடக்கும்போது, ஐட்லருக்கு நேர்ந்தது சிக்னலின் குறுக்கீட்டுப் பட்டைகளில் (ஒளியலைகள் சேர்ந்து உண்டாக்கும் வெளிச்ச, இருள் வரிகளில்) தெரிகிறது. 1991-ல் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் ஸோ, வாங், மாண்டல் மூவரும் காட்டிய விளைவு இது. 2014-ல் வியன்னாவில் இதைக்கொண்டு படமே எடுத்தார்கள்.

லேசரின் ஓரியல் நீளம் (அலை தன் ஒழுங்கு குலையாமல் செல்லும் தொலைவு) பல மீட்டர் என்பதால் பாதைகளைப் பற்றிக் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். சிக்னலும் ஐட்லரும் எவ்வளவு பொருந்தவேண்டும் என்பதை முடிவு செய்வது அந்த ஃபோட்டான் இணையின் அலைவரிசை அகலம். அகலம் 3 நானோமீட்டர் என்றால், பாதைகள் வேறுபட அனுமதிக்கும் அளவு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர்தான்.

ஒரு மாணவர் அரை மில்லிமீட்டர் சிலிக்கான் தகட்டை ஐட்லர் பாதையில் வைத்தார். பட்டைகள் மறைந்தன. ‘முழு உட்கவர்தல்’, அதாவது மாதிரி ஒளியை முழுக்க விழுங்கிவிட்டது என்று குறித்துக்கொண்டு, அதே அமைப்பில் நாள்கணக்கில் நிறமாலை எடுத்தார். சிலிக்கானின் ஒளிவிலகல் எண் சுமார் 3.4. ஒரு திசையில் மட்டும் 1.2 மில்லிமீட்டர் கூடுதல் பாதை! ஐட்லர் கண்ணாடியை அந்த அளவு முன்னே நகர்த்தியதும் பட்டைகள் ஏறக்குறைய பாதி வலுவில் திரும்பின. மீதி, எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சில்லாத பரப்புகளில் எதிரொளித்துப் போனது. எடுத்த நிறமாலைகள் எல்லாம் குப்பைக்குப் போயின.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான்: ஐட்லரை அட்டையால் மறைத்தாலும் பட்டை போகும், பாதை தப்பினாலும் போகும். டிடெக்டருக்கு இரண்டும் ஒன்றே. மாதிரி வைத்த ஒவ்வொரு முறையும் கண்ணாடியை நகர்த்தி, பட்டை உச்சம் தொடும் இடத்தைத் தேடுங்கள். அதற்குப் பிறகே குறிப்பேட்டைத் திறக்கவேண்டும்.

பட்டை வலுவை அப்படியே ஊடுகடத்தலாக (மாதிரியைக் கடந்துவந்த ஒளியின் பங்காக) படிப்பது

ஐட்லர் ஒரே முறை கடக்கும் ரோச்செஸ்டர் அமைப்பில் பட்டை பாதியானால், கடந்த செறிவு கால்வாசி. மேலே சொன்னதுபோல் கண்ணாடியில் திரும்பி இருமுறை கடக்கும் மைக்கேல்சன் அமைப்பில் ஒருமுறைக்கான ஊடுகடத்தல் பட்டை வலுவிலிருந்து நேராகவே கிடைக்கும்.

கோயின்சிடென்ஸ் கவுண்டர்

இரு ஃபோட்டான்கள் ஒரே நேரத்தில் வந்துசேர்வதை எண்ணும் கருவி இது. வாங்காதீர்கள். சிக்னலை மட்டுமே அளப்பதால் இங்கே அதற்கு வேலையில்லை.

அறைக் காற்று

4.3 மைக்ரோமீட்டர், கரியமில வாயு வலுவாக உட்கவரும் அலைநீளம். ஐட்லர் பாதையை மூடி நைட்ரஜன் செலுத்துங்கள்; இல்லையென்றால் உங்கள் மூச்சையும் சேர்த்து அளப்பீர்கள்.