கொரோனா முற்றியது குடும்ப மரபாலா? வரைபடம் போட்டுப் பார்க்கும் முறை

மூத்தவர்களிடம் கேட்டு மூன்று தலைமுறைக்குக் குடும்ப உறவு வரைபடம் வரையுங்கள்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். குளச்சலோ தக்கலையோ, எந்த ஊரானாலும் மாமன் மகளைக் கட்டியிருந்தால் கணவன் மனைவிக்கு இடையே இரட்டைக் கோடு.

"கொரோனா வந்தது" என்பது போதாது. ஆக்சிஜன் வைத்தார்களா, வென்டிலேட்டர் வரை போனதா, அப்போதைய வயது, எடை, சர்க்கரை, ரத்தக்கட்டு எல்லாம் வேண்டும். பலர் தவறுவது வயதில்தான். அதை விட்டால் முதுமையா மரபா என்று பிரிக்க முடியாது. எடையும் முக்கியம்: மரபணு ஆய்வுகளிலும் உடல்பருமன் நோயை முற்றவைக்கும் காரணமாகவே நிற்கிறது.

3-ஆம் குரோமோசோமில் (மரபணுக்களைத் தாங்கும் இழை) கொரோனாவைக் கடுமையாக்கும் பகுதி, அழிந்துபோன பழங்கால மனித இனமான நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது. தெற்காசியரில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் உண்டு. அதே பகுதி எச்ஐவி தொற்றும் வாய்ப்பைக் குறைக்கிறது! ஆகவே மரபணுவைக் கெட்டது என்று முத்திரை குத்தாதீர்கள்.

நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் போகும்போது வரைபடத்தையும் பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.