லத்தீன் பெயரடை பழக ஒரு சொல்: அல்புஸ்

லத்தீன் கற்க வருபவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் பெயரடை 'அல்புஸ்'. பொருள், வெள்ளை. ரோமில் பொது அறிவிப்புகளை எழுதி வைத்த வெள்ளைப் பலகைக்கு 'அல்பும்' என்று பெயர். நம் வீட்டுக் கல்யாண ஆல்பம் அங்கிருந்து வந்ததுதான்.

படி 1: பொருளைச் சரியாகப் பிடியுங்கள்

அல்புஸ் என்பது சுண்ணாம்புச் சுவரைப் போல மினுக்கமில்லாத வெள்ளை. பளீரென்ற வெள்ளைக்கு 'கன்டிதுஸ்' என்று வேறு சொல் உண்டு. தேர்தலில் நின்ற ரோமானியர்கள் சுண்ணப்பொடி தேய்த்துப் பளிச்சிட வைத்த மேலாடையை உடுத்தினார்கள்; வேட்பாளருக்கான ஆங்கிலச் சொல்லின் வேர் அந்த ஆடைதான். அல்புஸுக்கு கிரேக்கத்தில் ஓர் உறவுச்சொல் இருக்கிறது: அல்போஸ், தோலில் வரும் வெண்படை.

படி 2: மூன்று பாலையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்

தமிழில் வெள்ளைக் குதிரை, வெள்ளை ரோஜா, வெள்ளை லில்லி என எங்கும் 'வெள்ளை' மாறாது. லத்தீனில் பெயர்ச்சொல்லின் பாலுக்கேற்ப ஈறு மாறும்.

எக்வுஸ் அல்புஸ்: வெள்ளைக் குதிரை, ஆண்பால்.
ரோசா அல்பா: வெள்ளை ரோஜா, பெண்பால்.
லீலியும் அல்பும்: வெள்ளை லில்லி, இரண்டும் சாராத நடுப்பால்.

படி 3: ஈற்றை மட்டும் நம்பாதீர்கள்

பட்டுப்புழு தின்னும் முசுக்கொட்டை மரத்தின் அறிவியல் பெயர் 'மோருஸ் அல்பா'. முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். 'மோருஸ்' ஆண்பால் போலத்தானே முடிகிறது? ஆனால் லத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால். பெயரடை ஒத்துப்போவது பாலோடு, ஓசையோடு அல்ல. இது பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

படி 4: பன்மையும் வேற்றுமையும்

பன்மை: அல்பீ, அல்பாய், அல்பா. கடைசியில் உள்ளது நடுப்பால் பன்மை. பெண்பால் ஒருமை மாதிரியே இருக்கும், கவனம். இரண்டாம் வேற்றுமை ஒருமை: அல்பும், அல்பம், அல்பும். 'வெள்ளைக் குதிரையை' என்பதற்கு 'எக்வும் அல்பும்'. மற்ற வேற்றுமைகள் அப்புறம் வரட்டும்.

சரி, ஒரு பயிற்சி. சந்தன மரத்துக்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வைத்த பெயர் 'சந்தலும் அல்பும்'. மரம்தானே, ஏன் 'அல்பா' இல்லை? 'சந்தலும்' என்ற சொல்லின் பாலைக் கண்டுபிடியுங்கள். அதன் 'உம்' ஈறு இந்த முறை உங்களை ஏமாற்றாது.