புளோக்கின் கீழிருந்தே நிலவையும் கோள்களையும் படம்பிடிக்கலாம்

வானத்தைப் படம்பிடிக்க, இருட்டான வானமுள்ள மலேசியாவின் மெர்சிங் வரை போக வேண்டும் என்று இங்கே சிங்கப்பூரில் பலர் நினைக்கிறார்கள். பால்வீதிக்கு அது சரி. நிலவுக்கும் வியாழனுக்கும் இருட்டு தேவையில்லை. இரண்டுமே முழு வெயிலில் நிற்பவை. நகர வெளிச்சம் அவற்றை மறைக்காது. தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கை ஒட்டிய புல்தரையில்தான் முக்காலியை வைக்கிறேன். வாகன நிறுத்துமிடத்தின் மேல்தளம் வசதியாகத் தோன்றும். ஆனால் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் இரவில் வெப்பத்தை விடும்போது படம் நெளியும்.

பௌர்ணமியை விட்டுவிடுங்கள். அன்று நிழலே விழாது, நிலவு தட்டையாகத் தெரியும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய நாள்கள்தான் அருமையானவை. ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நிழலோடு எழுந்து நிற்கும். அப்பெனைன் மலைத்தொடர் வளைந்து ஓடுவது 300 மில்லிமீட்டர் லென்ஸிலேயே தெரியும். மூன்றாம் பிறைக்குத் தனி அழகு உண்டு. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அது தோணியைப் போல மல்லாந்து கிடக்கும்.

அஷ்டமி நிலவு மாலை ஏழு மணிக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் இருக்கும். கனமான லென்ஸை அப்படி நிமிர்த்தினால் முக்காலியின் தலை நழுவும். பத்து மணிவரை பொறுத்தால் நிலவு வசதியான உயரத்துக்கு இறங்கிவிடும்.

கேமராவைத் தானியங்கி முறையில் விடாதீர்கள். சுற்றியுள்ள கருமையைக் கணக்கில் எடுத்து நிலவை வெள்ளை வட்டமாக்கிவிடும். எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 200 (ஒளி உணர்திறன்), ஷட்டர் 1/125 வினாடி என்று தொடங்குங்கள். முழுநிலவுதான் வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 100, 1/250 போதும். திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, நிழல் கோட்டிலுள்ள ஒரு பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே குவிய வளையத்தை மெல்லத் திருப்புங்கள். விளிம்பு கூர்மையாகி, மீண்டும் மங்கத் தொடங்கும். அங்கிருந்து இம்மியளவு திரும்பி வாருங்கள். இதில் அவசரமே கூடாது, படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அதிர்வு நீக்கியை அணைத்துவிட்டு இரண்டு வினாடி டைமரில் எடுங்கள்.

வியாழனின் நான்கு பெரிய நிலவுகளுக்கும் இதே லென்ஸ் போதும்: ஐஎஸ்ஓ 1600, கால் வினாடி. அதற்கு மேல் திறந்தால் பூமியின் சுழற்சியால் புள்ளிகள் கோடாகும். மறுநாளும் எடுத்துப் பாருங்கள், அவை இடம் மாறியிருக்கும். 1610ல் கலிலியோ கண்டதும் இதைத்தான். சனியின் வளையத்தைப் பிரித்துக் காட்டத் தொலைநோக்கி வேண்டும். அதன் வழியே சில நிமிடங்கள் காணொளி எடுத்து, ஆட்டோஸ்டாக்கெர்ட் மென்பொருளில் நல்ல சட்டகங்களை மட்டும் அடுக்கினால் விவரம் வெளிவரும்.

குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படியும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். வேலை முடிந்ததும் ஈரத்தைத் துடைத்து, உலர்பெட்டியில் வைத்துவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை எளிதில் பிடிக்கும்.