ஏரோ இந்தியாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: குப்பம், வி.கோட்டா, சித்தூர் பக்கத்திலிருந்து ஒரு வழிகாட்டி

திரும்பி வரும் வழியிலிருந்தே தொடங்குவோம். ஏர் ஷோவுக்குக் கூட்டம் விடிகாலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேரும். முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நிமிஷத்தில் எழுந்து வாசலைப் பார்த்து நடக்கும். 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் நடந்தது இதுதான். காலை 11 மணிக்குத் தொடங்கிய சாகசம் 1 மணிக்கு முடிந்தது. லட்சக்கணக்கானவர்கள் உச்சி வெயிலில், குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல், ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் முட்டி மோதினார்கள். ஐந்து உயிர்கள் போயின. விமானங்கள் எல்லாம் பத்திரமாகத்தான் இறங்கின. ஆகவே கீழே சொல்வதில் பாதிக்கு மேல் விமானத்தைப் பற்றியதாக இருக்காது.

தேதியும் டிக்கெட்டும்

ஏரோ இந்தியா என்பது விமானக் கண்காட்சி, கூடவே ஏர் ஷோவும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டுகளில், பெங்களூரு எலஹங்கா விமானப்படைத் தளத்தில் நடக்கும். வழக்கமாக பிப்ரவரி மாதம். 2025இல் 10 முதல் 14 தேதி வரை நடந்தது. முதல் மூன்று நாள் வியாபாரிகளுக்கும் ராணுவத்தாருக்கும், கடைசி இரண்டு நாள் பொதுமக்களுக்கு.

டிக்கெட் ஆன்லைனில் மட்டும்தான். வாசலில் கிடைக்கும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். இரண்டு வகை உண்டு. ஏ.டி.வி.ஏ. பாஸ் என்றால் திறந்தவெளியில் உட்கார்ந்து பறப்பதை மட்டும் பார்க்கலாம். 2025இல் அதற்கு 1,000 ரூபாய். பொதுப் பார்வையாளர் பாஸ் 2,500 ரூபாய். அதில் கண்காட்சி அரங்குகளுக்குள்ளும் போகலாம், தரையில் நிறுத்திய விமானங்களைக் கிட்டே நின்று பார்க்கலாம். அந்த ஆண்டு ரஷ்யாவின் சு-57, அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானங்கள் இரண்டும் வந்திருந்தன. குடும்பத்தோடு முதல்முறை போகிறவர்களுக்கு ஏ.டி.வி.ஏ. போதும். நாலு பேருக்கு மிச்சமாகும் 6,000 ரூபாயில் போக்குவரத்துச் செலவே தீர்ந்துவிடும்.

டிக்கெட்டில் போட்ட பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் ஒரே ஆளுக்கு தெலுங்கு முறையில் இன்டிபேரு (குடும்பப் பெயர்) சேர்த்து ஒரு அட்டை, அப்பா பெயரின் இனிஷியலோடு இன்னொரு அட்டை இருக்கும். எந்த அட்டையைக் கையில் கொண்டுபோகிறீர்களோ அதில் உள்ளபடியே பதிவு செய்யுங்கள். டிக்கெட்டைக் காகிதத்தில் அச்செடுத்து வையுங்கள். வாசலில் நெட் இழுக்காது.

போய்ச் சேருவது

ரயில் என்றால் குப்பத்திலிருந்து பெங்களூரு நூறு கிலோமீட்டர் சொச்சம். நகரத்தின் நடுவில் இருக்கும் மெஜஸ்டிக் வரை போகாமல் கிருஷ்ணராஜபுரத்திலேயே இறங்குங்கள். வெளிவட்டச் சாலை பஸ் பிடித்து ஹெப்பாள், அங்கிருந்து வடக்கே பல்லாரி சாலையில் எலஹங்கா. இதில் ஒரு குழப்பம்: எலஹங்கா ரயில் நிலையம் வேறு, விமானப்படைத் தளம் வேறு. பஸ்ஸில் ‘ஏர்ஃபோர்ஸ்’ என்று கேட்டு ஏறுங்கள்.

காரில் போனால் பலமநேர் அல்லது வி.கோட்டா வழியாக முல்பாகல், கோலார், ஹொஸ்கோட்டே. அங்கே நகரத்துக்குள் நுழையாமல் வலப்பக்கம் தேவனஹள்ளி சாலையில் திரும்பி, வடக்கிலிருந்து எலஹங்காவுக்கு இறங்கினால் ஹெப்பாள் மேம்பாலத்தின் நெரிசல் இல்லை. எந்தத் திசையிலிருந்து வருபவர்களுக்கு எந்த பார்க்கிங் என்று போக்குவரத்துப் போலீஸ் சில நாள் முன்பே அறிவிக்கும். அதைப் பார்த்துவிட்டு வழியைக் கடைசியாக முடிவு செய்யுங்கள்.

வண்டியைக் காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள். 2019 பிப்ரவரி 23 அன்று ஏரோ இந்தியா பார்க்கிங்கில் காய்ந்த புல்லில் பற்றிய தீயில் ஏறக்குறைய 300 கார்கள் எரிந்தன. மண் தரையாகப் பார்த்து, முன்பக்கம் வெளியே பார்த்தபடி விடுங்கள். நிறுத்திய இடத்தின் பலகையை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

காலைக் காட்சி ஒன்பதரை வாக்கில் தொடங்கும். எட்டரைக்குள் இடம் பிடிக்க வேண்டுமானால் ஆறரைக்கே பார்க்கிங்கில் இருக்க வேண்டும். முந்தின நாளே போய்விடுவது உத்தமம். பெங்களூரில் சித்தப்பா வீடோ மாமா வீடோ இல்லாத குடும்பம் நம் எல்லைப் பக்கத்தில் குறைவுதானே.

பையில் என்ன

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். இரண்டு பாக்கெட். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டரில் முழுதாகக் கரைக்க வேண்டும். டம்ளரில் கொட்டிக் குடித்தால் உப்பு அளவு மீறும். பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று குளிர்ச்சியாக இருக்கும், வெயில் சுடுவது தெரியாது. மாலையில் கழுத்துதான் சொல்லும். அகலத் தொப்பி, துண்டு, காலைப் பனிக்கு ஒரு ஸ்வெட்டர். எந்தப் பொருளுக்குத் தடை என்ற பட்டியலை டிக்கெட்டிலேயே படித்துவிடுங்கள். கத்தி, தீப்பெட்டி, பலூன், டிரோன் எதற்கும் அனுமதி கிடையாது.

சாப்பாட்டுக்குப் புளிசாதம். பிரியாணிப் பொட்டலம் வேண்டாம், சைவப் பிரசாரம் இல்லை இது. எலும்பும் இறைச்சிக் கழிவும் பருந்துகளை இழுக்கும், பருந்து இன்ஜினுக்குள் போனால் விமானம் போயிற்று. அதனால்தான் 2025 ஏரோ இந்தியாவின்போது தளத்தைச் சுற்றி 13 கிலோமீட்டருக்கு இறைச்சிக் கடைகளையே மூடச் சொன்னார்கள்.

சில்லறை நோட்டுகள் அவசியம். கூட்டம் கூடினால் யு.பி.ஐ. சுற்றிக்கொண்டே இருக்கும். போனும் போகாது, எனவே பிரிந்துபோனால் சந்திக்கும் இடத்தை உள்ளே நுழைந்தவுடனே காட்டிவையுங்கள். குழந்தையின் முன்கையில் பால்பாயின்ட் பேனாவால் போன் நம்பரை எழுதிவிடுங்கள்.

காதுக்கு: பஞ்சு அடைத்தால் போதாது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஃபோம் இயர் பிளக்கை மெல்லிய திரியாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலே இழுத்து, உள்ளே செருகி, அரை நிமிஷம் விரலால் பிடியுங்கள். உள்ளே விரிந்தால்தான் அடைக்கும். சின்னக் குழந்தைகளுக்குக் காதை மூடும் இயர் மஃப்தான் சரி. கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிடுங்கள்.

பார்க்கும் விதம்

புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, சத்தம் வரும் இடத்தில் விமானத்தைத் தேடுவது. ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் விமானத்தின் சத்தம் உங்களிடம் வர மூன்று விநாடி ஆகும். மணிக்கு 900 கிலோமீட்டரில் போகிற ஜெட் அதற்குள் 750 மீட்டர் முன்னால் போயிருக்கும். கையை நீட்டிப் பிடித்து, சத்தத்திலிருந்து ஒன்றரைச் சாண் முன்னால் பாருங்கள், அகப்படும்.

விமானப்படையின் சாகச அணியான சூர்யகிரணின் ஒன்பது ஹாக் விமானங்கள் வரும்போது பைனாகுலரைக் கீழே வையுங்கள். அதில் ஒன்றிரண்டு விமானம்தான் தெரியும், அழகு ஒன்பதும் சேர்ந்த வடிவத்தில் இருக்கிறது. இரண்டு விமானங்கள் எதிரெதிரே பாய்ந்து கடக்கும்போது ஒன்றை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள். மற்றது தானாக உங்கள் பார்வைக்குள் வந்து விழும்.

சுகோய்-30 போர் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மெதுவாக வந்தால், வேகம் குறைவாயிற்றே என்று காதிலிருந்து பிளக்கை எடுக்காதீர்கள். இறக்கை தாங்காத எடையை இன்ஜின் தாங்குகிற நேரம் அது, அன்றைய நாளின் பெரிய சத்தங்களில் ஒன்று. அடுத்து வருவது பெரும்பாலும் செங்குத்தாக ஏறிச் சுழலும் வெர்டிகல் சார்லி. அப்போது அண்ணாந்து பார்ப்பீர்கள், கண் கூசாமலிருக்க சூரியன் எங்கே இருக்கிறது என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சிப் பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிப்ரவரி மூடுபனி கலையாவிட்டால் தாமதம். 2025இல் துருவ் ஹெலிகாப்டர்கள் பறக்காமல் நிறுத்திவைக்கப்பட்டிருந்ததால், அவற்றில் சாகசம் செய்யும் சூலூரின் சாரங் அணி வரவேயில்லை.

படம் எடுப்பது பற்றி அதிகம் இல்லை. ஜெட்டுக்கு ஷட்டர் வேகம் 1/1000 விநாடிக்கு மேல், ஹெலிகாப்டருக்கு 1/250 அளவில். ஹெலிகாப்டருக்கு அதைவிட வேகமாக வைத்தால் விசிறி சுற்றாமல் நின்றுபோன மாதிரி விழும். போனில் ஜூம் செய்து எடுத்தால் புள்ளிதான் வரும், அகலமாக எடுத்துக் கூட்டத்தையும் சேருங்கள்.

திரும்புவது

கடைசி விமானம் இறங்கியதும் எழாதீர்கள். மிச்சப் புளிசாதத்தைப் பிரித்து உட்காருங்கள். முக்கால் மணி நேரம் கழித்துக் கிளம்புகிறவர்களுக்கு வாசலில் நெரிசல் பாதிதான் இருக்கும். அவசரமானால் காலைக் காட்சியோடு மதியமே கிளம்பிவிடலாம், பிற்பகலில் பெரும்பாலும் அதே விமானங்கள்தான். கொண்டுபோன இரண்டு லிட்டர் தண்ணீரில் அரை லிட்டரைத் திரும்பும் வழிக்கென்றே தொடாமல் வைத்திருங்கள்.

ஓட்டுபவர் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்தவர், நாள் முழுக்க வெயிலில் இருந்தவர். ஹொஸ்கோட்டே தாண்டி நேர்ச்சாலை வந்ததும் கண் சொக்கும். கோலாருக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தி, இருபது நிமிஷம் சீட்டைச் சாய்த்துத் தூங்கவிட்டு, அப்புறம் முல்பாகலைப் பாருங்கள்.